டிராக்டருக்கு முன்னால் எதை மாட்டலாம்?

ஆந்திராவில் கார்வேட்டிநகரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு டிராக்டர் வருஷம் முழுக்கச் செய்கிற வேலைகளை எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். முதல் மழைக்குக் கடலைக்காடு உழ வேண்டும். ஏரியில் தண்ணீர் நின்றால் நெல்லுக்குச் சேறு கலக்க வேண்டும். கரும்பு வெட்டினால் ஆலைக்கோ வெல்லக் கொட்டகைக்கோ இழுத்துப் போக வேண்டும். கோடையில் கிளிமூக்கு மாங்காய் அறுப்பு தொடங்கினால் கூழ் ஆலை வாசலில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்க வேண்டும். நடுநடுவே தண்ணீர் டேங்கர், மருந்து தெளிப்பு, கதிரடிப்பு. இவ்வளவும் டிராக்டரின் முதுகுப்பக்கம் நடக்கிற வேலை. கொக்கி, கருவியைத் தூக்கும் லிங்க், இன்ஜின் சக்தியைக் கருவிக்குக் கடத்தும் பி.டி.ஓ. எல்லாம் பின்னால்தான் இருக்கின்றன.

இப்போது முன்பக்கத்துக்கும் வேலை வந்திருக்கிறது. ஏரி வண்டலை அள்ளவும், சாணக்குப்பையை ஏற்றவும், வரப்பைத் தள்ளி நிலத்தை மட்டப்படுத்தவும் முன்னால் டோசரோ லோடரோ மாட்டிக்கொள்கிறார்கள். ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுப்பதைவிடச் சொந்த வண்டியிலேயே ஒரு வாளியை மாட்டிக்கொள்ளலாம் என்கிற கணக்கு நியாயமானதுதான். ஆனால் கடையில் பேச்சு விலையிலும் மானியத்திலுமே நின்றுவிடுகிறது. அந்த இரும்பு முன்னால் ஏறியதும் டிராக்டரின் உடம்புக்குள் என்ன மாறுகிறது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் சில உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முன்னால் மாட்டும் கருவியைப் பற்றி உலகத்தில் மிக நுணுக்கமாக யோசித்தவர்கள் உறைபனி விழும் நாடுகளின் விவசாயிகள். குளிர்காலத்தில் வீட்டு வாசலிலிருந்து பெருஞ்சாலை வரை இடுப்பளவு பனி கிடக்கும். அதை ஒதுக்காமல் பால் வண்டி வராது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. டொராண்டோ, மாண்ட்ரியல் பக்கம் குடியேறிய ஈழத் தமிழர்களைக் கேட்டால் அந்த வேலையின் கஷ்டத்தைச் சொல்வார்கள். நம் நாட்டில் 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலைகள் அமைப்பு, காஷ்மீருக்கும் லடாக்குக்கும் இடையே 3,500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிற சோஜிலா கணவாயை ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான் வெட்டித் திறக்கிறது.

பனியை அள்ளித் தூர வீசும் இயந்திரத்தை உருவாக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிக்கார். 1927-இல் மாண்ட்ரியலை ஒட்டிய ஊட்ரமாண் நகராட்சிக்கு அவர் தன் முதல் இயந்திரத்தை விற்றார். கதிரடிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்த்ததிலிருந்துதான் அந்த யோசனை பிறந்தது என்பார்கள். நம்பக்கூடியதுதான். கதிரடிக்கும் மிஷினில் ஒரு பக்கம் உள்ளே இழுத்து, உள்ளே சுழன்று, மறுபக்கம் உமி பறக்கிறது. பனி வீசியிலும் அதே வரிசை. முன்னால் ஒரு திருகு பனியை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவுக்கு ஒதுக்கித் தள்ளும். நடுவில் வேகமாகச் சுழலும் விசிறி அதைப் பிடித்துப் புகைபோக்கி மாதிரியான குழாய் வழியே வெளியே எறியும்.

அந்த வீசியை டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவதா, முன்னால் மாட்டுவதா என்பது அங்கே ஓயாத விவாதம். பின்னால் மாட்டினால் செலவு குறைவு. பி.டி.ஓ. ஷாஃப்டை நேராகக் கோர்த்துவிடலாம். ஆனால் பனி முழுவதையும் ரிவர்ஸில்தான் ஓட்டி எடுக்க வேண்டும். மணிக்கணக்கில் கழுத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னோக்கி ஓட்டினால் சக்கரம் பனியை மிதித்துக் கல்லாக்கிவிடும், அதற்குப் பிறகு எந்தத் திருகும் அதைக் கிளப்பாது. முன்னால் மாட்டினால் கண்ணுக்கு எதிரே வேலை நடக்கும், மிதிபடாத பனி கருவிக்குள் போகும். அதற்கு விலை உண்டு. இன்ஜின் சக்தியை மூக்கு வரைக்கும் கொண்டுபோக வேண்டும், அந்த எடையை முன்னச்சு தாங்க வேண்டும்.

சக்தி, எடை. கார்வேட்டிநகரத்தில் டோசர் வாங்குகிறவருக்கும் இந்த இரண்டுதான் கேள்வி. முதலில் எடையைப் பார்ப்போம், ஏனென்றால் அதில்தான் ஆபத்து அதிகம்.

எடுத்துக்காட்டுக்கு 2,000 கிலோ எடையுள்ள, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 1.9 மீட்டர். வெறும் வண்டியாக நிற்கும்போது முன் சக்கரங்கள் 750 கிலோவையும் பின் சக்கரங்கள் 1,250 கிலோவையும் தாங்குகின்றன. இப்போது பின்னால் 450 கிலோ ரோட்டாவேட்டரை மாட்டி, லிஃப்டில் தூக்குகிறோம். அதன் எடை மையம் பின்னச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பின்னச்சு இங்கே பழைய ஏற்றத்தின் தாங்குகால் மாதிரி. ஒரு பக்கம் கனத்தால் மறுபக்கம் எழும். 450-ஐ 1.2-ஆல் பெருக்கி 1.9-ஆல் வகுத்தால் 284 கிலோ. முன்னச்சிலிருந்து அவ்வளவு கனம் காணாமல் போகிறது. மிச்சம் 466 கிலோ.

சாலையில் ஓடும்போது டிராக்டரின் சொந்த எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன்னச்சில் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வரம்பு. நம் வண்டிக்கு அது 400 கிலோ. 466 அதைத் தாண்டி 66 கிலோதான் அதிகம். வரப்பு ஏறினால், மலையோரத்து மேட்டில் முதல் கியர் போட்டு கிளட்சைப் பட்டென்று விட்டால், அந்த 66 கிலோ எங்கே போனதென்று தெரியாது. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டதாக ஓட்டுகிறவருக்குத் தோன்றும். அது வண்டி கொடுக்கும் கடைசி எச்சரிக்கை. முன் சக்கரம் தரையை விட்டு எழுந்தால் முக்கால் விநாடிக்குள் திரும்ப முடியாத நிலைக்குப் போய்விடும். ஒன்றரை விநாடியில் வண்டி ஓட்டுகிறவர் மேல் கவிழ்ந்துவிடும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டி, கால் அசைவதற்கே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகும்.

நூறு வருஷத்துக்கு முன்னாலேயே இது தெரிந்த பிரச்சினை. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் கலப்பையைப் பின்னால் கட்டி இழுப்பார்கள். கலப்பை வேரிலோ பாறையிலோ மாட்டினால், சக்கரம் சுழல முடியாமல் வண்டியே பின்னச்சைச் சுற்றி எழுந்து கவிழும். அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்கூசன் 1926-இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலிருந்து வளர்ந்ததுதான் இன்று நம் எல்லா டிராக்டரிலும் இருக்கிற மும்முனை இணைப்பு. கீழே இரண்டு லிங்க், மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை மண்ணில் சிக்கினால் அந்த விசை டாப் லிங்க் வழியே முன்னோக்கித் தள்ளி, முன் சக்கரத்தைத் தரையில் அழுத்தும். டாப் லிங்க்கைக் கழற்றிவிட்டு அதற்கான துளையில் கயிற்றையோ சங்கிலியையோ கட்டி மரத்தை வேரோடு இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இழுக்கும் புள்ளி பின்னச்சைவிட உயரத்தில் இருப்பதால், ஃபெர்கூசன் ஒழித்த ஆபத்தை அவர்கள் கையாலேயே திரும்ப வரவழைக்கிறார்கள்.

இனி முன்பக்கம். அதே டிராக்டரின் முன்னால் லோடர் சட்டமும் வாளியும் ஈர மண்ணுமாகச் சேர்த்து 600 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் மையம் முன்னச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால். முன்னச்சில் 600 கிலோ கூடும் என்று நினைத்தால் கணக்கு தவறு. 916 கிலோ கூடும். பின்னச்சில் 316 கிலோ குறையும். முன்னால் 1,666 கிலோ, பின்னால் 934. முன்னச்சின் சுமை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பின்னச்சு தன் பிடிமானத்தில் கால்வாசியை இழந்துவிட்டது.

இதில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான டிராக்டர்களில் இழுவை பின்சக்கரத்தில் மட்டும்தான். ஆகவே வாளி நிறைந்தால், தள்ளும் வலிமை தேவைப்படுகிற அதே நேரத்தில் சக்கரம் வழுக்கும். பிரேக்கும் பின்சக்கரத்தில் மட்டும்தான். ஆகவே சரிவில் மண்ணோடு இறங்கும்போது வண்டி நிற்காது. மூன்றாவது, முன்னச்சு வண்டியோடு இறுக்கமாகப் பிணைக்கப்பட்டதல்ல. மேடு பள்ளத்துக்கு ஏற்ப ஆட வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. டிராக்டர் நான்கு காலில் நிற்பதாகக் கண்ணுக்குத் தெரிந்தாலும், பக்கவாட்டில் கவிழாமல் அதைத் தாங்குவது பின் சக்கரங்கள் இரண்டும் முன்னச்சின் நடுப் பின்னும் சேர்ந்த ஒரு முக்கோணம்தான். எடை மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் வரைதான் வண்டி நிற்கும். வாளியில் மண்ணை அள்ளும்போது மையம் முன்னால், அதாவது முக்கோணம் குறுகிப்போகிற இடத்துக்கு நகர்கிறது. அந்த வாளியைத் தலைக்கு மேல் தூக்கியபடியே திரும்பினால் மையம் உயரமும் ஏறுகிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும்.

வாளியைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் தூக்காமல் ஓட்ட வேண்டும் என்று அனுபவசாலி டிரைவர்கள் சொல்வதற்குக் காரணம் இந்த முக்கோணம்தான். கொட்டும் இடத்துக்கு வந்த பிறகு தூக்கினால் போதும்.

முன் சுமைக்கு மாற்று என்ன? பின்னால் எதிர் எடை. பின் டயரில் தண்ணீர் நிரப்புவது பழைய வழி. ஒவ்வொரு டயரிலும் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், செலவும் இல்லை. அந்த எடை நேராகப் பின்னச்சில் உட்காருவதால் பிடிமானம் கூடும், ஆனால் முன்னச்சின் பாரம் குறையாது. லிங்க்கில் 300 கிலோவை, பின்னச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்கவிட்டால் பின்னச்சில் 458 கிலோ ஏறும், முன்னச்சிலிருந்து 158 கிலோ இறங்கும். உழவுக்கு வைத்திருக்கிற கல்டிவேட்டரையே இதற்குப் பயன்படுத்தலாம். டோசர் வேலைக்குப் போகிறோம், பின்னால் எதற்குக் கலப்பை என்று கழற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். கலப்பையைக் கழற்ற வேண்டாம், தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சட்டம் எங்கே பொருத்தப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லாரிக்கு இருப்பது போல நீளமான சேஸிஸ் டிராக்டருக்குக் கிடையாது. இன்ஜின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின்னச்சு எல்லாம் ஒன்றோடொன்று போல்ட்டால் இணைந்து அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. டோசரை மூக்கில் மட்டும் பொருத்தினால், மண்மேட்டில் மோதும் ஒவ்வொரு அடியும் கிளட்ச் கூட்டின் போல்ட்டுகளைப் பிரிக்கப் பார்க்கும். நல்ல லோடர் சட்டம் வண்டியின் இரண்டு பக்கமும் நீண்டு பின்னச்சு வரை போய்ப் பிடித்திருக்கும். விலை அதிகம் என்று அந்த நீளக் கம்பிகளை விட்டுவிட்டு உள்ளூர்ப் பட்டறையில் குட்டையாக அடித்துக்கொள்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். ரேடியேட்டர் முன்னால் காற்று வழி அடைபடாமலும் இருக்க வேண்டும். மாஞ்சருகும் கடலைக்கொடித் தூசும் வலையில் அப்பிக்கொண்டால், மெதுவாக ஓடி நிறையச் சுமக்கிற வண்டி சீக்கிரம் சூடேறிவிடும்.

இப்போது சக்தி. வண்டியின் பக்கத்தில் 45 எச்.பி. என்று எழுதியிருந்தால் அது இன்ஜினின் திறன். கியர் வழியாகப் பி.டி.ஓ. முனைக்கு வந்து சேர்வது அதில் ஏறத்தாழ 85 சதவீதம், அதாவது சுமார் 38 எச்.பி. அதற்கும் இன்ஜின் தன் முழு வேகத்தில் ஓட வேண்டும். நிமிடத்துக்கு 540 சுற்று என்பது பி.டி.ஓ.வின் உலகப் பொது வேகம். பெரிய கருவிகளுக்கு 1,000 சுற்றும் உண்டு. 38 எச்.பி.யை 540 சுற்றில் கடத்தினால் ஷாஃப்டின் முறுக்கு விசை கிட்டத்தட்ட 500 நியூட்டன்-மீட்டர். 1,000 சுற்றில் கடத்தினால் 270 போதும். வேகம் கூடினால் அதே சக்தியை மெல்லிய ஷாஃப்ட் கடத்திவிடும். ஐரோப்பிய டிராக்டர்களின் முன் பி.டி.ஓ. பெரும்பாலும் 1,000 சுற்றில் ஓடுவதற்கு இது ஒரு காரணம். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. முன் பி.டி.ஓ. எந்தத் திசையில் சுழலும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். திசை பார்க்காமல் வாங்கிய வீசியின் திருகு பனியை உள்ளே இழுக்காமல் வெளியே தள்ளும். வீட்டுத் தேவைக்கான சிறிய டிராக்டர்களில் வயிற்றுக்கடியில் 2,000 சுற்றில் ஓடும் நடு பி.டி.ஓ. இருக்கும், அதிலிருந்து ஒரு ஷாஃப்ட் முன்னால் போகும்.

நம் ஊர் டிராக்டர்களில் முன் பி.டி.ஓ. வழக்கத்தில் இல்லை. முன்னால் கிடைப்பது ஹைட்ராலிக் எண்ணெய் மட்டும். அது எவ்வளவு சக்தி தரும்? பம்ப் நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெயை 150 பார் அழுத்தத்தில் தள்ளினால், 30-ஐ 150-ஆல் பெருக்கி 600-ஆல் வகுத்துப் பாருங்கள்: 7.5 கிலோவாட், அதாவது 10 எச்.பி. இழப்புகளைக் கழித்தால் அதற்கும் கீழே. வாளியைத் தூக்கவும் கவிழ்க்கவும் இது தாராளம். முன்னால் ஒரு புதர் வெட்டியையோ சருகு நொறுக்கியையோ ஹைட்ராலிக் மோட்டாரில் ஓட்டலாம் என்று யாராவது விற்க வந்தால், இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 45 எச்.பி. வண்டிதானே என்ற பதில் இங்கே செல்லாது.

சுழலும் கருவிக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்பதைப் பனி வீசியை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஒன்றரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், மணிக்கு 2 கிலோமீட்டர் வேகம். விநாடிக்குக் கால் கனமீட்டர் பனி உள்ளே வருகிறது. புதிதாக விழுந்த பனி கனமீட்டருக்கு 100 கிலோ என்றால் விநாடிக்கு 25 கிலோ. காற்றில் இறுகிய பனி 400 கிலோ என்றால் விநாடிக்கு 100 கிலோ. விநாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் எறிய ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 100 ஜூல் தேவை. ஆக முதலாவதற்கு 2.5 கிலோவாட், இரண்டாவதற்கு 10 கிலோவாட். எறிவதற்கு மட்டும் இவ்வளவு. வெட்டுவதும் உராய்வும் தனி. கருவியும் மாறவில்லை, வண்டியும் மாறவில்லை, பனி இறுகியதற்கே நான்கு மடங்கு. ஆகையால் பனி நாட்டு விவசாயி தன் ஊரில் விழுவதிலேயே மோசமான பனியை மனதில் வைத்து அகலத்தைத் தேர்ந்தெடுப்பார். மிக மெதுவாக ஊரும் கியர் இருக்கிறதா என்றும் பார்ப்பார். கார்வேட்டிநகரத்தில் ரோட்டாவேட்டர் வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இதுதான். செம்மண் கடலைக்காட்டில் 6 அடி ரோட்டாவேட்டரை லேசாக இழுக்கிற வண்டி, ஏரிக்கரைக் களிமண்ணிலும் கரும்புக் கட்டையிலும் புகை கக்கும். தன் நிலத்தில் இருப்பதிலேயே கடினமான துண்டுக்கு ஏற்ற அகலத்தை வாங்கியவர் வருத்தப்பட்டதில்லை.

ரோட்டாவேட்டரைத் தூக்கும்போது வருகிற கடகட சத்தத்தை எல்லோரும் கேட்டிருப்போம். ஷாஃப்டின் இரு முனையிலும் உள்ள குறுக்கு மூட்டுகள் வளைந்து வேலை செய்வதால் வருவது அது. ஒரு மூட்டு 30 டிகிரி வளைந்தால், உள்ளே 540 சுற்றில் சீராக வரும் சுழற்சி வெளியே 468-க்கும் 624-க்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறி இறங்கும். இரண்டாவது மூட்டு அதே கோணத்தில் எதிராக வளைந்தால் அந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். கருவியைத் தூக்கினால் இரு கோணமும் சமமாக இருக்காது. அப்போது கியர் பெட்டியின் பற்கள் அடி வாங்கும். வரப்போரத்தில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்குவது சோம்பல் படாமல் செய்ய வேண்டிய வேலை. ஷாஃப்டைக் கழற்றி மாட்டும்போது இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினால் இரண்டாவது மூட்டு முதல் மூட்டின் தவறைத் திருத்தாமல் விட்டுவிடும். கல்லில் மோதினால் முறிவதற்கென்றே வைத்த ஷேர் போல்ட் முறிந்தால், அதே தரத்துப் போல்ட்டைத்தான் போட வேண்டும். திரும்பத் திரும்ப முறிகிறதே என்று கெட்டியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை முறிவது கியர் பெட்டி.

அந்த ஷாஃப்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை வரும். சுழலாமல் இருக்க ஒரு சின்னச் சங்கிலியும் அதோடு வரும். ஒரு வருஷத்துக்குள் இரண்டும் காணாமல் போவது நம் பக்கத்து வழக்கம். 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. மூட்டின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால் விநாடிக்கு 2.8 மீட்டர் துணியை அது சுருட்டும். நாலு முழ வேட்டி ஒரு விநாடிகூடத் தாங்காது. சேலை இரண்டு விநாடி. எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் இந்த ஷாஃப்ட் எலும்பை ஒடிப்பதோடு நிற்காது, கையையே பிடுங்கிவிடும். கதிரடிக்கும் இயந்திரங்களில் கை இழந்தவர்களின் எண்ணிக்கை பெருகிய பிறகுதான் 1983-இல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தாலும் உறையை மாட்டுவது நாம்தான். களத்தில் கடலை அடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் பெண்கள் அந்த ஷாஃப்டுக்குக் குறுக்கே போய் வருகிறார்கள். புதுக் கருவி வாங்கப் பணம் எண்ணுகிறவர் முதல் வேலையாகப் பழைய ஷாஃப்டுக்கு ஒரு புது உறை வாங்க வேண்டும். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

கவிழ்ந்தால் காப்பாற்றும் இரும்பு வளைவைச் சுவீடன் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நம் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் வெயிலுக்கான கூரை மட்டும் இருக்கிறது. அது இரண்டு டன்னைத் தாங்காது. மாந்தோப்பில் தாழ்ந்த கிளைக்கு இடிக்கும் என்பது உண்மையான சிரமம்தான், மடக்கக்கூடிய வளைவுகள் அதற்குத்தான் வருகின்றன. முன் லோடர் மாட்டுகிறவர் சீட் பெல்ட்டோடு கூடிய வளைவையும் சேர்த்தே விலை கேட்கட்டும்.

விற்பவர் சொல்லும் எச்.பி.யை எப்படிச் சரிபார்ப்பது? அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் ஏமாந்த விவசாயிகளின் குரலுக்குச் செவிகொடுத்து 1919-இல் ஒரு சட்டம் போட்டது: பல்கலைக்கழகத்தில் சோதிக்காத டிராக்டரை அங்கே விற்கக் கூடாது. 1920-லிருந்து சோதனைகள் நடக்கின்றன. நமக்கு அப்படிப்பட்ட இடம் ஆந்திராவிலேயே இருக்கிறது. அனந்தபுரம் மாவட்டம் கார்லதின்னேயில் உள்ள தென் மண்டல வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் மத்திய அரசுடையது. இத்தகைய சோதனை அறிக்கைகளில் பி.டி.ஓ.வின் உண்மையான திறன், லிஃப்ட் தூக்கும் எடை, எடை மையம் இருக்கும் இடம் எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கும். ஷோரூமில் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டிய தாள் அதுதான். அதில் வண்ணப்படம் இருக்காது.

எடையைச் சரிபார்க்க அனந்தபுரம் போக வேண்டாம். கூழ் ஆலையிலும் கரும்பு ஆலையிலும் இருக்கிற எடை மேடை போதும். ஓட்டுகிறவர் உட்கார்ந்தபடியே முன் சக்கரங்கள் இரண்டையும் மட்டும் மேடைமேல் ஏற்றி, பின் சக்கரங்கள் வெளியே அதே மட்டத்தில் நிற்க, நியூட்ரலில் போட்டு பிரேக்கை விட்டு ஒரு அளவு எடுங்கள். பின்னால் கருவியை மாட்டித் தூக்கி இன்னொரு அளவு. முன்னால் நிறைந்த வாளியோடு ஒரு அளவு; அப்போது பின் சக்கரங்களையும் தனியே ஏற்றி அளந்துகொள்ளுங்கள். முன் வாளி அளவு, கையேட்டில் முன்னச்சுக்கும் முன் டயருக்கும் கொடுத்திருக்கிற உச்ச சுமைக்குள் இருக்க வேண்டும். பின் கருவியைத் தூக்கியபோது முன்னச்சில் வண்டி எடையின் ஐந்தில் ஒரு பங்கு இல்லாவிட்டால், மூக்கில் மாட்டும் இரும்பு வெயிட் எவ்வளவு வேண்டும் என்று அங்கேயே கணக்கிடலாம். வெயிட் முன்னச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் உட்கார்ந்தால், நம் வண்டியில் ஒவ்வொரு கிலோவும் முன்னச்சில் 1.3 கிலோவாக இறங்கும். 100 கிலோ குறைகிறதென்றால் 76 கிலோ வெயிட் வாங்கினால் சரியாகிவிடும்.